அமாவாசைக்கு முன்னால் ஒரு கடிதம்

லக்ஷ்மிபாய் நகரில் ஒருவருடைய விலாசத்தைப் பென்சிலால்தான் எழுதிக்கொள்ள வேண்டும். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு இது. பதவி உயர்வு வந்தால் சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்கு மாறுவார்கள். மாற்றல் வந்தால் ஊரே மாறும். ஓய்வு பெற்றால் சில மாதங்களில் சாவியை ஒப்படைத்துவிட்டு துவாரகாவுக்கோ மயூர் விஹாருக்கோ நொய்டாவுக்கோ போய்விடுவார்கள். சிலர் ஒரேயடியாகத் தாம்பரத்துக்கு. பக்கத்துக் கிழக்கு கித்வாய் நகரில் பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்கு மாடிகள் எழுப்பியபோது வீட்டு எண்களே அர்த்தமிழந்தன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கே இருப்பதால் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்கின்றன. அதே வேகத்தில் போய்க்கொண்டும் இருக்கின்றன.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் யோசித்ததில்லை, ஒரு பொம்மைக்காரரைச் சந்திக்கும் வரை.

இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கிறது தில்லி ஹாட். 1994-ல் திறக்கப்பட்ட சந்தை. நாட்டின் பல பகுதிகளிலிருந்து கைவினைஞர்கள் வந்து, இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கலாம். கடைகள் முறை வைத்து ஒதுக்கப்படுகின்றன. ஒருவருக்கு 15 நாள். பதினாறாம் நாள் மூட்டை கட்ட வேண்டும். அந்த இடத்தில் வேறு மாநிலத்துக்காரர் ஒருவர் சால்வை விரித்திருப்பார்.

2023 ஜூலையில் அங்கே வந்திருந்தார் விளாச்சேரிக்காரர் ஒருவர். மதுரையை ஒட்டி, திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மை செய்வது பல குடும்பங்களுக்குத் தொழில். வருடக் கடைசியில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்வார்கள். இவருக்கு ஒதுக்கப்பட்ட பதினைந்து நாளும் ஆடி மாதத்தில் விழுந்துவிட்டது. கொலுவுக்கு இன்னும் மூன்று மாதம். வந்தவர்கள் தசாவதாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். கல்யாண செட்டுக்கு விலை கேட்டார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். “நவராத்திரி சமயத்துல இருப்பீங்களா?”

இருக்க மாட்டார். அது அவர் கையில் இல்லை.

மூன்றாம் நாள் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்தார். கேட்டவர்களை எல்லாம் விலாசம் எழுதச் சொன்னார். கிளம்பும்போது அதில் இருநூறுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெயர்கள் இருந்தன. தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ், வங்காளி என்று பல கையெழுத்து. நோட்டை என்னிடம் காட்டி அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “ஸார், வீட்டு நம்பர் எழுதினவங்க எல்லாம் ‘அடுத்த வருஷம் இங்க இருப்பமோ என்னமோ’ன்னு சொல்லிக்கிட்டே எழுதினாங்க. இந்தச் சுழி போட்ட விலாசம் எழுதினவங்க யாரும் அப்படிச் சொல்லல. இதுதான் கெட்டி போலருக்கு.”

சுழி போட்ட விலாசம் என்றால் இ-மெயில். என் தொழில் மொழிபெயர்ப்பும் பத்திரிகையும். “அண்ணே, கடிதத்தை நான் எழுதி அனுப்பறேன்” என்று வாய் விட்டேன். பதினைந்து நாள் கடைக்கு மீதி 350 நாளும் அந்த நோட்டுதான் கடை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

*

முதல் கடிதத்துக்கு நான் செய்தது மொழிபெயர்ப்பாளர்கள் செய்கிற வழக்கமான குற்றம். பெரிய கம்பெனிகள் செப்டம்பரில் அனுப்பும் ஓர் இங்கிலீஷ் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு தமிழ்ப்படுத்தினேன். “மதிப்புமிக்க வாடிக்கையாளரே” என்று ஆரம்பம். “இலையுதிர் காலச் சிறப்புச் சலுகை” என்று தலைப்பு. போனில் படித்துக் காட்டியபோது பொம்மைக்காரர் கேட்டார்: “இலை எங்க ஸார் உதிருது?”

நியாயமான கேள்வி. புரட்டாசியில் தமிழ்நாட்டில் இலை உதிர்வதில்லை. நம் பழைய பருவக் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இரண்டும் மழையையும் குளிர்காற்றையும் குறிப்பவை. சரி, தில்லியிலாவது உதிர்கிறதா? இங்கே வேம்பும் அரசும் இலையைக் கொட்டுவது பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. செப்டம்பர் கடைசியில் தில்லியில் நடப்பது வேறு. மழை விலகும். வானம் கழுவிவிட்டது போல் இருக்கும். விடியலில் பவழமல்லி தரையில் கிடக்கும். அக்டோபரில் ஏழிலைப்பாலை பூத்து, ராத்திரி தெருவெல்லாம் தலைவலிக்கிற அளவுக்கு வாசனை. வடக்கத்தியர்கள் இதை ‘சரத்’ என்பார்கள். நாம் கொலு வைக்கும் ஒன்பது நாளுக்கும் அதனால்தான் சரத் நவராத்திரி என்று பெயர்.

ஆக, இங்கும் பொய், அங்கும் பொய். தலைப்பை அடித்துவிட்டு, “விளாச்சேரிப் பொம்மைக்காரர் எழுதுகிறேன், தில்லி ஹாட்டில் ஆடி மாதம் பார்த்தோமே” என்று எழுதினேன். அது வாசிக்கப்பட்டது. காரணம் எளியது. முன்பின் தெரியாத கம்பெனியின் கடிதத்தை யாரும் திறப்பதில்லை. பார்த்த முகம் எழுதினால் திறக்கிறார்கள்.

சலுகை என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். கொலு வைக்கிற வீட்டில் வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கிச் சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வீட்டு அம்மாளுக்கு இருபது சதவிகிதம் தள்ளுபடி பெரிதல்ல. இந்த வருடம் புதிதாக என்ன என்பதுதான் கேள்வி. அதற்குக் கடிதத்தில் பதில் இருந்தால் போதும். மூன்று பொம்மை, மூன்று படம், உயரம் எத்தனை அங்குலம், மண்ணா காகிதக் கூழா, விலை, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும். உயரம் அவசியம். படிக்கு மேல் படி இடிக்குமா என்று அளந்து பார்க்கிறவர்கள் உண்டு.

அந்த 2023-ல் கடிதத்தை செப்டம்பர் 20-ம் தேதி அனுப்பினேன். மகாளய அமாவாசை அக்டோபர் 14. நடுவே 24 நாள். ஆர்டர்கள் வந்தன; பார்சல்கள் மதுரையிலிருந்து நிஜாமுதீனுக்கு ரயிலில் வந்து சேர்ந்தன; பெரும்பாலும் உடையாமல். நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

மறு வருடம்தான் அடி விழுந்தது.

*

2024-லும் டைரியைப் பார்த்து அதே செப்டம்பர் 20-ம் தேதி அனுப்பினேன். ஆனால் அந்த வருடம் அமாவாசை அக்டோபர் 2. எனக்குக் கிடைத்தது 12 நாள். பாதி ஆர்டருக்கு நேரம் போதவில்லை. சில பொம்மைகள் படி கட்டி முடித்து, சுண்டலும் விநியோகமான பிறகு போய்ச் சேர்ந்தன. “அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கறேன்” என்று பெருந்தன்மையாகச் சொன்னவர்கள் பலர். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் இருந்தார்கள். திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அது ஒரு மாதச் சாப்பாடு. எனக்கு வெறும் தேதிப் பிழை.

பிழையின் காரணம் சந்திரன். பன்னிரண்டு சாந்திர மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள். சூரிய வருடத்தை விட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஆகவே பண்டிகைகள் ஒவ்வொரு வருடமும் அந்த அளவுக்கு முன்னால் நகர்கின்றன. ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதிக மாதம் ஒன்று வந்து மொத்தத்தையும் பின்னால் தள்ளுகிறது. மகாளய அமாவாசை 2023-ல் அக்டோபர் 14, 2024-ல் அக்டோபர் 2, 2025-ல் செப்டம்பர் 21. அதிக மாதம் வரும் 2026-ல் மறுபடி அக்டோபர் 10. இங்கிலீஷ் டைரியை வைத்துக்கொண்டு இந்த வியாபாரத்துக்குத் திட்டம் போட்டால் மூன்றில் இரண்டு வருடம் தோற்பீர்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் புரட்டாசி அமாவாசை எங்கே என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

அந்த வருடம் இன்னொரு பாடமும் கிடைத்தது. நோட்டில் இருந்த பஞ்சாபிப் பெண்மணி ஒருவர் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்: சிராத்த நாட்களில் புதுப் பொருள் வாங்கச் சொல்லி யாராவது எழுதுவார்களா? அமாவாசைக்கு முந்தைய பதினைந்து நாள் வடக்கே பித்ரு பட்சம். புதுத் துணி, நகை, வண்டி எதுவும் பலர் வாங்குவதில்லை. சரோஜினி நகர்ப் பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், அந்த இரண்டு வாரம் எப்படி இருக்கும் என்று. நமக்கும் அவை மகாளய பட்ச நாட்கள்தான். ஆனால் கொலு பொம்மைக்கு மட்டும் அந்த விதி செல்லாது. அமாவாசையன்று படி கட்டி, கலசமோ மரப்பாச்சியோ வைத்துவிட வேண்டும் என்பதால், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மை வியாபாரம் சூடு பிடிப்பது அந்த நாட்களில்தான்.

ஒரே நாளில் ஒரே கடிதம். ஒரு வீட்டில் ‘நல்ல வேளை, ஞாபகப்படுத்தினார்’ என்றிருப்பார்கள், அடுத்த வீட்டில் முகம் சுளித்திருப்பார்கள். நான் பார்த்தது மொழியைத்தான். நாட்காட்டியை மொழிபெயர்க்க மறந்துவிட்டேன்.

*

அதன் பிறகு நோட்டை இரண்டாகப் பிரித்தோம். கொலு வைக்கிறவர்கள் ஒரு பக்கம். தீபாவளிக்கு லக்ஷ்மி-விநாயகர் ஜோடியும் அகல் விளக்கும் வாங்குகிறவர்கள் மறு பக்கம். இரண்டிலும் இருப்பவர்கள் சிலர் உண்டு. இப்போது நடைமுறை இதுதான்.

கொலு வீடுகளுக்கு முதல் கடிதம் அமாவாசைக்கு 35 நாள் முன்னால். புதுப் பொம்மைகள் மூன்றின் படத்தோடு. இரண்டாவது கடிதம் 20 நாள் முன்னால், இரண்டே வரி: ஆர்டருக்குக் கடைசி நாள் இது, இதற்கு மேல் சொன்னால் படிக்கு வந்து சேராது. நவராத்திரி ஒன்பது நாளும் மௌனம். விஜயதசமி கழிந்ததும் ஒரு நன்றிக் கடிதம். உங்கள் கொலுவைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஒரு வேண்டுகோள். இதில் எதையும் விற்பதில்லை. ஆனால் அதிகமான பதில் வருவது இதற்குத்தான். எந்த வீட்டில் எத்தனை படி, எந்த பொம்மை போன வருடம் கை உடைந்தது என்பதெல்லாம் அப்படித்தான் தெரிய வருகிறது. அடுத்த வருடம் எதைச் செய்வது என்பதைப் பொம்மைக்காரர் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

வடக்கத்தி வீடுகளுக்கு பித்ரு பட்சத்தில் ஒன்றும் அனுப்புவதில்லை. நவராத்திரி முதல் நாளில் ஒரு கடிதம், தன்தேரஸுக்குப் பத்து நாள் முன்னால் நினைவூட்டல், அவ்வளவுதான். நவம்பரில், கேட்டுக்கொண்ட சிலருக்கு மட்டும் கிறிஸ்துமஸ் குடில் பற்றி. பிறகு மறு ஆவணி வரை நோட்டை மூடி வைத்துவிடுகிறோம்.

எண்ணிக்கையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் கடிதம் இருநூறு பேருக்குப் போய்விடுகிறது. அந்த வேகத்தில் களிமண் காயாது. மழை வந்தால் பொம்மை உலரவும் வர்ணம் பிடிக்கவும் கூடுதல் நாள் வேண்டும். அதனால் எத்தனை செட் செய்ய முடியுமோ அந்த எண்ணைக் கடிதத்திலேயே போட்டுவிடுகிறோம். முடிந்துவிட்டால் முடிந்துவிட்டது என்று சொல்கிறோம். “சீக்கிரம்! இன்னும் சிலவே!” என்று பயமுறுத்தி எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் வாசிப்பவர்களுக்குத் தெரிகிறது.

2025-ல் அரசாங்கமும் ஒரு பாடம் நடத்தியது. எங்கள் விலைப் பட்டியல் ஆகஸ்டிலேயே போய்விட்டது. செப்டம்பர் 3-ம் தேதி ஜி.எஸ்.டி. குறைப்பு அறிவிப்பு வந்தது. அமலுக்கு வந்தது செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள். கைவினைப் பொருட்கள் பலவற்றுக்கு 12 சதவிகிதம் 5 ஆயிற்று. “22-ம் தேதிக்குப் பிறகு வாங்கினால் எவ்வளவு குறையும்?” என்று கேட்டுக் கடிதங்கள். வரிப் பதிவு வரம்புக்குக் கீழே இருக்கும் இவரைப் போன்ற சிறு உற்பத்தியாளர் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வாங்குவதே இல்லை, குறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அதை விளக்கி ஒரு கடிதம் போட வேண்டியதாயிற்று. திட்டத்தில் இல்லாத கடிதம். ஆனால் அனுப்பாமல் இருந்திருந்தால், வரிக் குறைப்பை அமுக்கிக்கொண்டார் என்ற பெயர் மிஞ்சியிருக்கும்.

*

எந்த மொழியில் எழுதுவது என்பதும் ஒரு கேள்வி. தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போனவர்கள் படிப்பார்கள். மற்றவர்களில் பலர் பேசுவதோடு சரி. அதனால் மேலே தமிழ், கீழே இங்கிலீஷ். வடக்கத்தியர்களுக்கு ஹிந்தி. தமிழில் அனுப்பினால் பெட்டி பெட்டியாகத் தெரியும் என்று பயந்த காலம் உண்டு. ஒவ்வொரு எழுத்துருவும் தனி நாடாக இருந்தது. 1999-ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடி விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்ததே அந்தக் குழப்பத்தால்தான். யூனிகோட் பரவிய பிறகு, விளாச்சேரியில் அடித்தது நொய்டாவில் அப்படியே தெரிகிறது. கைப்பேசித் திரையில் தலைப்பின் முதல் நாலைந்து சொல்தான் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அந்த இடத்தில் பொம்மைக்காரரும் ஊரும் வந்துவிட வேண்டும்.

இனி நோட்டின் கௌரவம். தெரிந்த ஒருவர் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். “தமிழ் வீடுகளோட லிஸ்ட் இருக்காமே, குடுங்களேன், நானும் தீபாவளி பட்சணத்துக்கு ஒரு மெயில் போட்டுக்கறேன்” என்றார். நல்ல மனிதர், பட்சணமும் நன்றாக இருக்கும். ஆனாலும் முடியாது என்றேன். அவருக்கு வருத்தம்தான். அந்த இருநூறு பேர் விலாசம் எழுதிக் கொடுத்தது பொம்மைக்காக, பொம்மைக்காரரை நம்பி.

கேட்காதவர்களுக்கு விளம்பரக் கடிதம் அனுப்பும் வழக்கத்துக்கு வயது அதிகம். 1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர், அன்றைய அர்ப்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். திட்டு வாங்கினார், விற்பனையும் ஆயிற்று. தொல்லை அன்று ஆரம்பித்தது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது அந்தத் தொல்லையும் சேர்ந்தே வந்தது. இப்போது கடிவாளம் இறுகியிருக்கிறது. பெரிய எண்ணிக்கையில் அனுப்புகிறவர்கள் ‘இனி வேண்டாம்’ என்று ஒரே தட்டலில் விலகும் வசதி தர வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் வலியுறுத்துகின்றன. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் மனமுவந்து, எதற்காக என்று தெரிந்து தரப்பட வேண்டும் என்கிறது. தருவது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை இங்கிலீஷிலோ, எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அட்டவணையில் தமிழும் உண்டு என்பதில் என் போன்றவர்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இருநூறு பேருக்கு எழுதும் பொம்மைக்காரரை யாரும் தேடி வரப்போவதில்லை. ஆனாலும் எங்கள் கடிதத்தின் அடியில் ஒரு வரி உண்டு: “வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று மட்டும் பதில் போடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.” இதுவரை ஒரு சிலர் போட்டிருக்கிறார்கள். பெயரை அன்றே அடித்துவிடுகிறோம்.

*

2025 ஏப்ரல் 30-ம் தேதி இரவு தில்லி ஹாட்டில் தீப்பிடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட கடைகள் சாம்பல். பொழுது விடிந்ததும் போய்ப் பார்த்தேன். சரக்கு முழுவதும் இழந்தவர்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். பதினைந்து நாள் விற்பனைக்காக எங்கிருந்தோ வந்தவர்கள். நம் பொம்மைக்காரர் அப்போது ஊரில் இருந்தார். டி.வி.யில் பார்த்துவிட்டுப் போன் செய்தார். தெரிந்தவர்கள் யாருக்காவது ஆபத்தா என்று முதலில் விசாரித்தார். கொஞ்சம் தயங்கி, “ஸார், நோட்டு உங்ககிட்டதான இருக்கு?” என்றார்.

என்னிடம்தான் இருந்தது, மேஜை இழுப்பறையில். அன்றே அதை இன்னொரு பிரதி எடுத்து அவர் மகளுக்கு அனுப்பினேன். அவள் கல்லூரியில் படிக்கிறாள். இப்போது கடிதங்களின் முதல் வரைவை அவள்தான் எழுதுகிறாள்; நான் ஒற்றுப் பிழை மட்டும் பார்க்கிறேன். இலையுதிர் காலம் எல்லாம் அவளிடம் வருவதில்லை.

அந்த வருடம் விஜயதசமி கழிந்து வந்த படங்களில் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து. லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் பக்கத்து வரிசையில் இருந்த அம்மாள். கணவர் ஓய்வு பெற்றதும் ஊரோடு போய்விட்டார்கள். போகும்போது விலாசம் கொடுக்க மறந்துபோனார்கள். ஐந்து படிக் கொலு, மூன்றாம் படியில் விளாச்சேரி கருடசேவை. கீழே எழுதியிருந்தார்: “வீடு மாறிவிட்டோம். கடிதம் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. அடுத்த வருஷம் வளைகாப்பு செட் இருந்தால் சொல்லவும். பெண்ணுக்கு இங்கேதான் பிரசவம்.”

பொம்மைக்காரர் 2026-க்கு வளைகாப்பு செட் செய்வதாக இருக்கிறார். அமாவாசை அக்டோபர் 10. அதிலிருந்து பின்னோக்கி 35 நாள் எண்ணினால் செப்டம்பர் 5. டைரியில் குறித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் விலாசங்களைப் பேனாவால் எழுதுகிறேன், தேதியைத்தான் பென்சிலால்.